எந்த இந்தியன்?

“ப்ரோ, ஓனர் ரேஸ் என்னான்னு கேக்குறாங்க.”

2022 ஆகஸ்டில், கேலாங் பக்கம் ஜன்னலில்லாத ஒரு மலிவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தபோது வீட்டு ஏஜெண்டிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி. அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்.

‘இந்தியன்’ என்று தட்டினேன். இரண்டு நீல டிக். பத்து நிமிடம் சத்தமே இல்லை. அதற்கு முன் எட்டு ஏஜெண்டுகளிடம் இதே மௌனத்தைப் பார்த்திருந்ததால் இதுவும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் இந்த ஏஜெண்ட் கொஞ்சம் நல்லவர். இன்னொரு கேள்வி கேட்டார்.

“இந்தியா இந்தியனா, மலேசியா இந்தியனா?”

‘மலேசியா’ என்று தட்டினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. “ஓ, ஓகே ஓகே. மலேசியான்னா பிரச்சனை இல்ல. நாளைக்கு ஏழு மணிக்கு வந்து ரூம் பாருங்க.”

எனக்கு அறை கிடைத்தது. அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அறை கிடைக்காத கதையை நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம். தேநீர்க்கடையில் சொல்வோம், ஃபேஸ்புக்கில் எழுதுவோம், கொஞ்சம் கண்ணீரும் விடுவோம். அறை எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் மூன்று வருடம் சொல்லவில்லை.

1

முதலில் என்னைப் பற்றி. சுங்கைப்பட்டாணிக்காரன். அப்பா லோரி ஓட்டுநர். ஸ்கூடாயில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தேன். கூலிமில் இரண்டு வருடம் வேலை. பிறகு உட்லண்ட்ஸில் சில்லு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எக்விப்மெண்ட் இஞ்சினியராகச் சேர்ந்தேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டைத் தாண்டியிருந்த நேரம். ஏன் போனேன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து தினமும் போய்வந்திருக்கலாமே என்று கேட்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அதற்கு முன்னும் பின்னும் பாலத்தில் நெரிசல். தூங்குவதற்கு மிஞ்சுவது நான்கு மணி நேரம். அதையும் செய்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை.

நான் போன நேரமும் மோசமானது. கோவிட்டுக்குப் பிறகு சிங்கப்பூரில் வாடகை தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்குப்படி 2022 ஒரே ஆண்டில் தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. வீட்டுக்காரர்களுக்கு ஆள் பொறுக்கும் காலம். ஒரு அறைக்கு இருபது பேர் நிற்கும்போது பத்தொன்பது பேரைக் கழிக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டும். இனம் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செலவில்லாத சல்லடை.

கம்பெனி இரண்டு வாரத்துக்குத்தான் ஹோட்டல் கொடுத்தது. நான் வைத்திருந்த பட்ஜெட் மாதம் 900 வெள்ளி. ஒரு மாத முன்பணம், ஒரு மாத டெபாசிட், ஏஜெண்டுக்கு அரை மாதம், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை. இவற்றையெல்லாம் எக்ஸெல்லில் போட்டுக் கணக்குப் பார்த்தேன். எக்ஸெல்லில் நான் போடாத ஒரு பத்தி என் தோல்.

விளம்பரங்களின் மொழி சீக்கிரமே பழகிவிட்டது. ‘சமைக்கக் கூடாது’, ‘லைட் குக்கிங் மட்டும்’, ‘ஏர்கோன் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை’, ‘விருந்தாளிகள் வேண்டாம்’. இவையெல்லாம் எல்லாருக்கும் பொதுவான விதிகள், எனக்குப் புகார் இல்லை. ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்று எழுதுவது இப்போது குறைந்துவிட்டது. 2014இல் பிபிசி இதைப் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டது. அந்தக் காலத்தில் அச்சில் இருந்த வரி இப்போது வாட்ஸ்அப்புக்குள் போய்விட்டது. இனத்தைச் சொல்லி விலக்கும் விளம்பரம் போடக்கூடாது என்று ஏஜெண்டுகளுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. அவர்கள் விளம்பரத்தில் போடுவதில்லை. கேட்கிறார்கள். கேட்பதற்குச் சாட்சி இல்லை.

2

வீட்டுக்காரர்கள் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. நம் ஆட்களே அவற்றைத் தலையாட்டி ஏற்றுக்கொள்வதால் இங்கே எடுத்துவைக்கிறேன்.

முதலாவது, வாசனை. கறி சமைத்தால் திரைச்சீலையிலும் சோபாவிலும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஆள் வரமாட்டான்.

நான் பார்த்த வீடுகளில் ஒன்றில் பெலாச்சான் வறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் சமையலறைக் கொடியில் கருவாடு தொங்கியது. இரண்டும் எனக்குப் பிடித்த வாசனைகள்தான். ஆனால் அவற்றுக்கு இனம் கிடையாது, என் ரசத்துக்கு மட்டும் இருக்கிறது. 2011இல் சிங்கப்பூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் சொல்லி, சமரசப் பேச்சில் அந்தக் குடும்பம் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று முடிவானதாகச் செய்தி வந்தது. நாடே கோபப்பட்டது. ஆகஸ்டு 21ஆம் தேதி எல்லாரும் ஒரு பானை கறி சமைப்போம் என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். நல்ல விஷயம், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த நாளில் கறி சமைத்தவர்கள் தங்கள் சொந்த அடுப்பில் சமைத்தார்கள். வாடகைக்கு இருப்பவனுக்கு அடுப்பைத் தொட அனுமதி உண்டா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கறி மேசைமேல் இருந்தால் தேசிய உணவு, வாடகைக்காரன் சட்டியில் இருந்தால் இனப்பிரச்சனை.

இரண்டாவது, அனுபவம். ‘முன்னாடி ஒரு இந்தியா குடும்பத்துக்குக் கொடுத்தோம், வீட்டை நாசம் பண்ணிட்டாங்க’ என்பது. இருக்கலாம். நாசம் செய்யும் ஆட்கள் எல்லா இனத்திலும் உண்டு. என் தொழிலில் ஒரு வேஃபர் பழுதாக இருந்தால் அந்த லாட்டை ஹோல்டில் வைப்போம். வைத்துவிட்டு மற்றவற்றைச் சோதிப்போம். எந்த மெஷினில், எந்தக் கட்டத்தில் தப்பு நடந்தது என்று தேடுவோம். சோதிக்காமல், இனி அந்த சப்ளையரின் பெயரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் மேனேஜர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் ஒரு வேஃபரைப் பார்த்துவிட்டு மொத்தத் தொழிற்சாலையையும் மூடுகிறோம்.

டெபாசிட் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? வீட்டுக்குச் சேதம் வந்தால் பிடித்துக்கொள்ளத்தானே? ஆபத்துக்கு விலை போட்டு அதை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட பிறகு, அதே ஆபத்தைச் சொல்லி என் இனத்தையும் கேட்பது எந்தக் கணக்கு?

மூன்றாவது வாதம்தான் வலுவானது. ‘என் வீடு, என் இஷ்டம்.’ அறை வாடகை என்றால் வீட்டுக்காரரும் அதே கூரைக்குக் கீழே இருக்கிறார். யாரோடு குளியலறையைப் பகிர்வது என்று முடிவுசெய்ய அவருக்கு உரிமை இல்லையா? உண்டு. என்னைப் பார்த்து, பேசி, இவன் சரிப்பட மாட்டான் என்று சொல்லட்டும். ஒருமுறை சந்தித்துவிட்டு, நான் ஷிஃப்ட் வேலை என்பதால் வேண்டாம் என்றார் ஒரு வீட்டுக்காரர். எனக்கு வருத்தமே இல்லை. இரவு மூன்று மணிக்குக் கதவு திறக்கும் ஆளை யார் விரும்புவார்கள்? என்னை நிராகரித்தார், சரி. சந்திக்கும் முன்பே நிராகரிப்பவர் என்னை நிராகரிக்கவில்லை. என்னைப் பிறப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட்டார்.

3

அரசாங்கம் என்ன செய்கிறது என்ற கேள்வி வரும். சிங்கப்பூர் அரசு இதை மூடிமறைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2021 தேசிய தினப் பேரணி உரையில், வாடகை வீடு தேடும் சிறுபான்மையினருக்கு ஏற்படும் இந்த அவமானத்தை அன்றைய பிரதமரே எடுத்துச் சொன்னார். மலேசியாவில் எந்தப் பிரதமர் இதைப் பேசிக் கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் பேசுவதும் சட்டமும் ஒன்றல்ல. 1989 முதல் வீவக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் எந்த இனமும் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, எல்லாரும் கலந்து வாழ வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கணக்கு வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும்தான். ஓர் அறையை யாருக்கு விடுவது என்பதை அது தொடுவதில்லை. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தின் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இனம் பார்க்கக்கூடாது என்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. வேலைக்கு எடுத்த ஆள் எங்கே தூங்குவான் என்பதற்கு இல்லை. பகலுக்கு ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, இரவில் நான் வாட்ஸ்அப்பின் நீல டிக்கை நம்பியவன்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். 2014 முதல், முழு வீவக வீட்டை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட ஒரு வரம்பு உண்டு. அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. மலேசியர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. பண்பாட்டாலும் வரலாற்றாலும் சிங்கப்பூரர்களுக்கு நெருக்கமானவர்கள் என்பது காரணம். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். நெருக்கமானவன் என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? ஏஜெண்டின் கேள்விக்கு ‘மலேசியா’ என்று தட்டியபோது என் விரலில் இருந்தது வெறும் தகவல் இல்லை. அந்தச் சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது.

4

அறைக்கு வந்து எட்டு மாதம். வீட்டுக்கார ஆன்ட்டிக்கு என்னைப் பிடித்துவிட்டது. நான் சமைப்பதில்லை. ஓட்ஸும் மேகியும் கீழே கடைச் சாப்பாடுமாக ஓட்டினேன். சத்தம் போடுவதில்லை. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் ஆன்ட்டி சொன்னார். பக்கத்து அறை அடுத்த மாதம் காலியாகிறது, ஏஜெண்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், உன்னை மாதிரி ஒரு பையன் இருந்தால் கூட்டிக்கொண்டு வா. அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “பட் நாட் தோஸ் இந்தியா டைப், ஓகே?” என்றார்.

“ஓகே ஆன்ட்டி” என்றேன்.

என் ஷிஃப்டில் எனக்கு அடுத்த மேசையில் ஒருவர் இருக்கிறார். திருச்சிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பம்ப் பழுதானபோது, என் தப்பைத் தன் தப்பாகச் சொல்லிக்கொண்டு என்னைக் காப்பாற்றியவர். அவர் அப்போது அறை தேடிக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக ஒரு நண்பர் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மதியம் கேண்டீனில் ஃபோனைக் காட்டுவார். “பாருங்க தம்பி, நல்லாத்தான் பேசுறாங்க. பேரு சொன்னதும் சைலண்ட் ஆயிடுறாங்க. ஒங்களுக்குப் பரவால்ல, நீங்க மலேசியா.”

அவரிடம் நான் சொல்லவில்லை. மலேசிய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஈப்போவைச் சேர்ந்த ஒரு பையன் வந்தான், பார்த்தான், பிடித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து யார் மூலமாகவோ அண்ணனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. “ஒங்க வீட்ல ரூம் ஒண்ணு காலியா இருந்துச்சாமே தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன பதில்: “ஓனர் சைனீஸ் ஆள்தான் வேணும்னு சொல்லிட்டாங்கண்ணே.”

பொய்யிலும் எவ்வளவு நேர்த்தி பாருங்கள். ஆன்ட்டி கேட்டது சீனரை இல்லை. ஆனால் ஆன்ட்டியின் இனவெறி எனக்கு அந்த நேரத்தில் ரொம்ப வசதியாக இருந்தது. அவர் வைத்த வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, வேலியையும் அவர் தலையிலேயே கட்டினேன். கதவை அடைத்தது அவர் மட்டும் இல்லை. தாழ்ப்பாள் போட்டது நான்.

5

இது என் தனிப்பட்ட கோழைத்தனம் என்றால் பாவமன்னிப்புக் கடிதமாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் இது நம் பழக்கம். மலேசியத் தமிழனின் சமூகப் பழக்கம்.

ஸ்கூடாயில் படித்தபோது வீடு தேடி அலைந்திருக்கிறோம். சீனர் மட்டும், முஸ்லிம் சஹாஜா என்ற அட்டைகளைப் பார்த்துக் கொதித்திருக்கிறோம். சரி, நம்மவர் வீடு? கிள்ளானில் எங்கள் உறவினர் ஒருவருக்கு இரண்டு வீடு வாடகைக்கு இருக்கிறது. இரண்டும் சீனருக்குத்தான். கேட்டால், “நம்ம ஆளுக்குக் குடுத்தா வாடக வராதுடா, வீட்டு முன்னாடி கூட்டம் கூடிருவானுங்க” என்பார். அதே மாமாதான் தீபாவளி விருந்தில், இந்த நாட்டில் இந்தியனுக்கு மரியாதை இல்லை என்று ஒரு மணி நேரம் பேசுவார். இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

சிங்கப்பூரில் ஒரு தமிழர் வீட்டுக்கும் போனேன். அங்கே ‘ரேஸ்’ கேட்கவில்லை. “பூர்வீகம் எந்த ஊரு?” என்றார். தெரியாது என்றேன், தாத்தா காலத்திலேயே வந்துவிட்டோம். “இல்ல, தாத்தா எந்தப் பக்கம்? தஞ்சாவூர் பக்கமா? சேலம் பக்கமா? குலதெய்வம் எது?” வாடகை ஒப்பந்தத்தில் குலதெய்வத்துக்கு என்ன வேலை என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏஜெண்ட் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார். ஏஜெண்டின் சல்லடையில் இரண்டு ஓட்டை, இவருடைய சல்லடையில் இருநூறு.

‘மலேசியா இந்தியன், இந்தியா இந்தியன் இல்லை’ என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்தால் வயிறு கலங்குகிறது. இந்த நாட்டில் நம்மை ‘பெண்டாத்தாங்’ என்று சொல்லும்போதெல்லாம் நாம் என்ன சொல்கிறோம்? ‘நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள்.’ நியாயமான பதில். ஆனால் அதற்குள் ஒரு விஷம் இருக்கிறது. இங்கே பிறக்காதவனை வந்தேறி என்று சொல்லலாம், என்னைச் சொல்லாதே என்பதும் அதில் அடக்கம். வந்தேறி என்ற சொல்லை நாம் எதிர்க்கவே இல்லை. முகவரியைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவர் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நகரத்து ஓரங்களில் பலகை வீடு கட்டின என்பது நமக்குத் தெரியாத கதையா? 2009இல் பினாங்கில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. செய்தியைப் பார்த்து அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார். தலைமுறை தலைமுறையாக நம் வீடு நம்முடையதாக இருந்ததில்லை. உன் வீடு உன்னுடையதில்லை, யாருடைய தயவிலோ இருக்கிறாய் என்ற பயம் நம் எலும்பில் இருக்கிறது. அந்தப் பயம் நம்மை அடுத்தவனுக்காகக் கதவைத் திறக்கவைத்திருக்க வேண்டும். நாமோ கதவுக்கு உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைத் தேடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு எதிர்க்குரல் கேட்கும். ‘அவங்க மட்டும் நம்மள மதிக்கிறாங்களா? தோட்டக்காட்டான்னுதான பாக்குறாங்க? தமிழே ஒழுங்கா பேசத் தெரியலன்னு சிரிக்கிறாங்க.’ உண்மைதான். எனக்கே நடந்திருக்கிறது. என் தமிழைக் கேட்டு, “நீங்கள்லாம் எப்போ வந்து செட்டிலானீங்க, கூலியாவா?” என்று ஒருவர் சிரித்தபடி கேட்டிருக்கிறார். அந்தத் திமிருக்குப் பதில் சொல்ல வேண்டும், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் தீர்க்கும் இடம் ஒருவன் படுக்க இடம் தேடும் வாசல் இல்லை. அதுவும், என்னைப் பார்த்துச் சிரித்தவர் வேறு ஆள். ஹாலில் பாய் விரித்துப் படுத்தவர் வேறு ஆள். ஒரு வேஃபர், மொத்தத் தொழிற்சாலை. ஆன்ட்டியின் கணக்கும் என் கணக்கும் ஒன்றாகிவிட்டது.

6

இதை ஏன் இலக்கிய இதழில் எழுதுகிறேன்?

நாம் வீட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் இலக்கியக்காரர்கள் என்பதால். லயம், ஆலமரம், மாரியம்மன் கோயில், ஆற்றங்கரை. பாதிக்கு மேல் நம் கதைகள் இழந்த வீட்டைப் பற்றிய கதைகள். நான் அவற்றைப் படித்து வளர்ந்தவன், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் நாம் எப்போதும் இழந்தவர்கள். எப்போதும் யாரோ நம்மை வெளியேற்றுகிறார்கள். துரை, கிராணி, மேம்பாட்டாளர், அரசாங்கம். நாம் யாரையும் வெளியேற்றுவதில்லை. நம் கையில் சாவியே இருந்ததில்லை போல எழுதுகிறோம்.

இன்று நம் கையில் சாவி இருக்கிறது. சின்னச் சாவிதான். பக்கத்து அறையின் சாவி, ஒரு வாட்ஸ்அப் குழுவின் சாவி, ‘நம்ம ஆளு’ என்ற சொல்லின் சாவி. அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று எந்தக் கதையில் படித்தீர்கள்? பாதிக்கப்பட்டவனாக மட்டும் தன்னை எழுதத் தெரிந்த இலக்கியம் பாதி கண்ணாடி. அதில் நம் காயம் தெரியும், கை தெரியாது.

இதே கேள்வி நம் இலக்கியக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் யாராவது ஒரு தமிழ் எழுத்தாளருக்குப் பரிசு அறிவித்தால் புத்தகத்தைப் படிப்பதற்கு முன் எழும் கேள்வி, ‘அவரு லோக்கலா, இந்தியாவிலேர்ந்து வந்தவரா?’ என்பதுதான். நாவலின் மூன்றாம் அத்தியாயம் சரியில்லை என்று சொல்லுங்கள், கேட்கிறேன். இந்த மண்ணை எழுதவில்லை என்று சொல்லுங்கள், பக்கத்தைத் திறந்து சண்டை போடுவோம். ஆளைப் பார்க்கும் முன்பே ‘எந்த இந்தியன்?’ என்று கேட்டால், கேட்பது விமர்சகர் இல்லை, வீட்டு ஏஜெண்ட்.

7

கடைசியாக, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு.

தெருவில் படுங்கள் என்று சொல்லவில்லை. ஹோட்டல் நாள் முடிந்து, கையில் பெட்டியோடு நிற்பவன் ‘மலேசியா’ என்று தட்டினால் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது பிழைப்பு. என் சண்டை பிழைப்போடு இல்லை, அது பெருமையாக மாறுகிற இடத்தோடு. ‘நாங்க வேற, அவங்க வேற’ என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறோமே, அந்த இடத்தோடு.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டுக்காரர் உங்களிடம் ‘உன்னை மாதிரி ஒருத்தன்’ என்று கேட்டால், தேடிக்கொண்டிருக்கும் ஆளின் பெயரை அப்படியே சொல்லுங்கள். மறுப்பதானால் அவரே வாய்திறந்து மறுக்கட்டும், அவருக்காக நீங்கள் மறுக்காதீர்கள். வாடகைக்கு விட உங்களிடம் வீடு இருந்தால், சம்பளச் சீட்டைக் கேளுங்கள், டெபாசிட் கேளுங்கள், முன்பிருந்த வீட்டுக்காரரின் ஃபோன் நம்பர் கேளுங்கள். குலதெய்வத்தைக் கேட்காதீர்கள். மாமா ‘நம்ம ஆளுக்குக் குடுக்க மாட்டேன்’ என்று சொல்லும்போது தட்டில் தலையைக் குனிந்து சாப்பிடாதீர்கள். நான் குனிந்து சாப்பிட்டிருக்கிறேன், ஆட்டுக்கறி தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

போன வருடம் வேறு அறைக்கு மாறினேன். ஏஜெண்டுகள் ரேஸ் கேட்டபோது ‘இந்தியன்’ என்று மட்டும் எழுதினேன். ‘எந்த இந்தியன்?’ என்று இரண்டு பேர் திரும்பக் கேட்டார்கள். ‘வாடகை கட்டும் இந்தியன்’ என்று பதில் போட்டேன். இரண்டும் போனது. அறை கிடைக்க மூன்று வாரம் அதிகமானது, வாடகையும் மாதம் 150 வெள்ளி கூடுதல். இதில் வீரம் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் போடும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்த புதிய வீட்டுக்காரர், “ஓ, மலேசியனா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

திருச்சி அண்ணனிடம் இந்த வருடம்தான் உண்மையைச் சொன்னேன். கேண்டீனில், இரவு இரண்டு மணி இடைவேளையில். அவர் இப்போது செங்காங்கில் மனைவி, மகளோடு இருக்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்ப எம் பொண்ணுக்கு ஒன்றரை வயசு தம்பி. ரூம் கெடைச்சிருந்தா தீபாவளிக்கு அவங்கள விசிட்ல கூட்டியாந்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மணி அடித்தது, இரண்டு பேரும் முகமூடியையும் வெள்ளை உடையையும் மாட்டிக்கொண்டு க்ளீன்ரூமுக்குள் போனோம். அந்த உடைக்குள் கண் மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை உங்கள் ஃபோனில் ‘எந்த இந்தியன்?’ என்ற கேள்வி வரும்போது, கேட்பவர் யார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பதில் சொல்வதற்காகக் காத்திருக்கும் உங்கள் விரலையும் பாருங்கள்.